மெட்னரும் மைசூர் கஜானாவும்

1947-ல் ஒரு ரூபாயின் மதிப்பு 18 பென்ஸ். அந்தக் கணக்கில் 10,000 பவுண்டு என்பது 1,33,333 ரூபாய் 5 அணா 4 பை. மூன்று வருஷத்துக்குக் கூட்டினால் அணா பை மிச்சமில்லாமல் 4 லட்சம் ரூபாய். லண்டனில் இ.எம்.ஐ. கம்பெனியின் இசைத்தட்டுத் தயாரிப்பாளராக இருந்த வால்டர் லெக், 1945-ல் தான் ஆரம்பித்த பில்ஹார்மோனியா வாத்தியக் குழு காலூன்றுவதற்காக மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் வருஷத்துக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்று வருஷம் தர ஒப்புக்கொண்டதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இது போக, நிக்கொலாய் மெட்னர் என்ற ரஷ்யரின் பியானோ கன்செர்ட்டோக்களையும் பாடல்களையும் தட்டில் பதிக்கும் செலவும் மகாராஜாவுடையதே. கன்செர்ட்டோக்கள் மூன்றும் 1947-ல் பதிவாயின. பியானோவில் மெட்னரே. முதலாவதை ஜார்ஜ் வெல்டனும் மற்ற இரண்டையும் இஸ்ஸாய் டொப்ரவெனும் நடத்தினார்கள்.

கணக்கிலிருந்து தொடங்குவது குமாஸ்தா புத்தி என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். கலை பற்றிய நம் கட்டுரைகளில் பிரக்ஞை வருகிறது, தரிசனம் வருகிறது, மரபும் தனித்துவமும் வருகின்றன. ரூபாய் மட்டும் வருவதில்லை. வந்தாலும் வணிக எழுத்தை வைவதற்காகத்தான் வரும். வணிகத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் கலைக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார், அந்த ஒருவருக்கு வேறு பலர் கொடுத்திருக்கிறார்கள் என்பதை யோசிக்க நமக்குப் பிடிப்பதில்லை.

மெட்னரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். 1880-ல் மாஸ்கோவில் பிறந்தவர். 1921-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, 1935-ல் லண்டனுக்குக் குடிவந்தார். ரஹ்மானினாஃபின் நெருங்கிய நண்பர். ரஹ்மானினாஃபின் நாலாவது கன்செர்ட்டோ மெட்னருக்கும், மெட்னரின் இரண்டாவது ரஹ்மானினாஃபுக்கும் சமர்ப்பணம். ஒருவர் உலகப் புகழ் பெற்றார்; மற்றவர் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1935-ல் பாரிஸில் வெளியான தன் புத்தகத்தில் மெட்னர் நவீன இசையை ஏறக்குறைய முழுசாக நிராகரித்தார். இசையின் அடிப்படை விதிகள் எவனும் உட்கார்ந்து செய்தவை அல்ல, மனிதனுக்குக் கொடுக்கப்பட்டவை, அவற்றை விட்டவன் பேச்சையே விட்டவன் என்பது அவர் வாதம். நவீனத்துவத்தை வாசலில் எழுதி ஒட்டியிருக்கும் ஒரு பத்திரிகையில் இவரைப் பற்றி எழுதுவதே விநோதம்தான். ஆனால் உயிரோடிருந்த காலத்தில் விலைபோகாதவர் என்ற அளவில் நம்மவர்.

விலைபோகாத இசையைத் தட்டில் ஏற்ற லெக்கே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். 1931-ல் ஹூகோ வோல்ஃபின் பாடல்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். 500 பேர் முன்பணம் கட்டினால் பதிவு நடக்கும். சந்தாவை நம்பிப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த 500 என்ற எண்ணின் கசப்பு தெரியும். வோல்ஃபுக்கு அந்த 500 பேர் கிடைத்தார்கள். பெத்தோவனின் சொனாட்டாக்களை ஷ்னாபெல் வாசித்த தொகுதிகளும் இதே சந்தா முறையில் வந்தவைதான். மெட்னர் விஷயத்தில் 500 பேரின் இடத்தில் ஒருவர் நின்றார். 'மெட்னர் சங்கம்' என்ற பெயரில் மூன்று தொகுதிகள் வந்தன. செலவைப் பொறுத்தவரை சங்கம் என்பது மைசூரிலிருந்த ஒரு மனிதர். மெட்னர் தன் மூன்றாவது கன்செர்ட்டோவை அவருக்குச் சமர்ப்பித்தார்.

இந்த மனிதரை டாம்பீகக்காரர் என்று தள்ளிவிட முடிந்தால் விஷயம் சுலபமாகிவிடும். நாய்க்குக் கல்யாணம் செய்துவைத்த நவாபு ஒருவர் இதே நாட்டில் இருந்தார். உடையார் அந்த வகை இல்லை. பியானோவை முறையாகப் பயின்றவர். 1940-ல், 21 வயதில், பெரியப்பாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர். வாசுதேவாச்சாரியாரிடம் கர்நாடக சங்கீதம் பயின்று 'ஸ்ரீவித்யா' முத்திரையில் 94 கீர்த்தனைகள் இயற்றியவர். 1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்தின் கவர்னர்.  1949-ல் கராயன் பாலகிரெவின் முதல் சிம்பனியையும் ருஸ்ஸலின் நாலாவது சிம்பனியையும் பில்ஹார்மோனியாவை வைத்துப் பதிவு செய்தது இவர் விருப்பத்தின் பேரில். 1950 மே 22-ல் ரிஹார்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் முதல் தடவையாக ஒலித்தன. ஃப்ளாக்ஸ்டாட் பாடினார், ஃபுர்ட்வெங்லர் நடத்தினார், பண உத்தரவாதம் மைசூரிலிருந்து வந்தது. மகாராஜா அங்கே போகவில்லை. பதிவு செய்து தனக்கு அனுப்பச் சொன்னார், ஏற்கனவே வைத்திருந்த சுமார் 20,000 தட்டுகளோடு சேர்த்து வைக்க. இரைச்சலும் கீறலுமாக அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. பணம் கொடுத்தவர் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். இவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்து ஊசி தேயத் தேயக் கேட்டவர். புகழுக்காகச் செய்தார் என்று சொல்லவும் இடமில்லை. மெட்னருக்குச் செலவழிப்பவரை யார் புகழப்போகிறார்கள்?

அந்தத் தட்டுகள் பின்னால் குறுந்தகடுகளாகி, இப்போது கைபேசியிலும் கிடைக்கின்றன. பள்ளிப்பட்டில் ராத்திரி வெகுநேரம் வரை விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் மூன்றாவது கன்செர்ட்டோவைக் கேட்பது. கன்செர்ட்டோ என்பது ஒருவரும் எழுபது எண்பது பேரும் பேசிக்கொள்வது. நம் கச்சேரியில் பக்கவாத்தியம் பாடகரைத் தொடர்ந்து போகும். இங்கே கூட்டம் அந்த ஒருவரை மறிக்கும், விழுங்கப் பார்க்கும், சமயத்தில் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலான கன்செர்ட்டோக்களில் கடைசியில் தனியாள் ஜெயிப்பான், சபை எழுந்து நின்று கைதட்டும். புகழ்பெற்ற பியானோக்காரர்களின் தட்டுகள் விற்றது இந்த ஜெயத்தை நம்பித்தான். மெட்னரின் மூன்றாவதில் இந்தக் குஸ்தி இல்லை. ஆற்றின் ஆழத்தில் உறங்கும் வீரனைப் பற்றி ஜலகன்னி பாடுவதாக லெர்மன்தவ் எழுதிய கவிதையிலிருந்து இதன் முதல் பகுதி பிறந்தது. பியானோ வாத்தியக் கூட்டத்துக்குள் இறங்கிப் போகிறது. ஒரு யோசனையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறது. முடிவு சொல்லாமல் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறது. வாசிக்கும்போது மெட்னருக்கு வயது 67, இருதய நோயாளி. இந்தத் தகவல் தெரிந்ததால் அப்படிக் கேட்கிறதா என்று என்னையே சந்தேகித்து, இதே கன்செர்ட்டோவைப் பிற்காலத்தவர் வாசித்த பதிவுகளோடு வைத்துக் கேட்டேன். அவர்கள் விரல் இன்னும் துல்லியம், பதிவு இன்னும் சுத்தம். ஆனால் ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள், இவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வித்வான்கள் அந்தக் காலத் தட்டுக்காக ஒரு ராகத்தையே மூன்றரை நிமிஷத்துக்குள் மடித்தார்கள். கன்செர்ட்டோவை மடிக்க முடியாது, ஆகவே நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுத்தார்கள். அறுத்த இடங்களைப் பின்னால் வந்த இன்ஜினியர்கள் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டையும் தாண்டி மூச்சு தொடர்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகுதான் கேள்வி. மைசூர்க் குடியானவன் இதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இதைப் பேச்சில் எடுத்தால் உடனே வருகிற பதில்கள் இரண்டு. பணம் எங்கிருந்து வந்தால் என்ன, இசை இசைதானே என்கிறார் ஒரு நண்பர். தஞ்சைப் பெரிய கோயில் முன்னால் நின்று வரி கட்டியவனையா நினைக்கிறோம் என்று கேட்கிறார். நாம் நினைக்கிறோமோ இல்லையோ, கோயில் நினைக்கிறது. எந்தெந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், யார் என்ன கொடுத்தார்கள், ஆடவந்த நானூறு பெண்கள் யார் யார், எந்தத் தளியிலிருந்து வந்தவர்கள் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. ராஜராஜன் நியாயஸ்தன் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அந்தக் கட்டடம் தன் கணக்கைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. இசைத்தட்டுக்கு அந்த உடம்பு இல்லை.

இதை எனக்கு உணர்த்தியது வேறொரு தட்டு. யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் பெர்லின் ரேடியோவில், ஆர்தர் ரோத்தர் நடத்த வால்டர் கீஸெகிங் வாசித்த பெத்தோவனின் ஐந்தாவது பியானோ கன்செர்ட்டோ. அந்தக் காலத்திலேயே ஸ்டீரியோவில், காந்த நாடாவில் எடுத்தது. முதல் பகுதியில் வாத்தியங்கள் தணியும் இடத்தில் தூரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் கேட்கின்றன. பீரங்கி கேட்பதால் வாசிப்பு கெட்டுவிடவில்லை, பிரமாதமான வாசிப்பு. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு 'இசை இசைதானே' என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்த நகரத்தில், யாருடைய ஆட்சியில், எதற்கு மத்தியில் இந்த அழகு நடக்கிறது என்பது மைக்குக்குள் புகுந்துவிட்டது. லண்டன் ஸ்டூடியோவின் சுவர்கள் தடிமனானவை. 1947 மைசூரில் எது நடந்தாலும் அந்த மைக்குக்குக் கேட்காது. மெட்னரின் தட்டில் இருக்கும் நிசப்தத்தை நான் வெகுகாலம் இசையின் பகுதி என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

இரண்டாவது நண்பரின் பதில்: உழைப்பவன் ரத்தம், தூக்கி எறி. எறிந்தால் ஒரு காசு மைசூருக்குத் திரும்பாது என்பது சில்லறை ஆட்சேபம், அதை விடுவோம். ராஜாக்களின் செலவையெல்லாம் ஒரே கூடையில் போடுகிறார் என்பதுதான் எனக்குச் சங்கடம். புலி வேட்டைக்கும் நாய்க் கல்யாணத்துக்கும் மெட்னருக்கும் வித்தியாசம் இல்லையா? இருக்கிறது என்று என் காது சொல்கிறது. ஆனால் கொடுத்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இல்லை. அவனிடமிருந்து போனது போனதுதான். அவனுக்கு இல்லாத வித்தியாசத்தை அவன் சார்பில் நான் கண்டுபிடித்துச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இந்த இடத்தில் அந்த நண்பருக்கு என்னிடம் பதில் இல்லை.

அது மகாராஜாவின் சொந்தப் பணம், அரசாங்கப் பணம் இல்லை என்று மூன்றாவதாக ஒரு வாதமும் உண்டு. சமஸ்தான வருமானத்திலிருந்து அரண்மனைக்கு ஒதுக்கினால் அரண்மனைப் பணம். சொந்தம் என்பது இங்கே ஒரு பேரேட்டுத் தலைப்பு. வங்கியில் முதல் மாதத்திலேயே புரிந்துவிடுகிற விஷயம், பெட்டிக்குள் போன நோட்டுக்கு ஊர் பெயர் கிடையாது என்பது. இந்தத் தொகை எந்த வரியிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது; ஆகவே யாருடையதும் இல்லை என்று சொல்லி ராஜாக்கள் தப்பிக்கிறார்கள். பிரிக்க முடியாது என்றால் ஒவ்வொரு ரூபாயிலும் எல்லாரும் கொஞ்சம் இருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த எல்லாரில் எங்கள் பக்கத்து ஆட்களும் உண்டு. மைசூர் சமஸ்தானத்தின் வருமானத்தில் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ராயல்டியும் சேர்த்தி. 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்டியது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே அந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. மாதிரி சமஸ்தானம் என்று பாடப் புத்தகங்கள் பெருமைப்படுவது இதைத்தான். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் சேரிகளிலிருந்து போனவர்களே அதிகம். பள்ளிப்பட்டு 1960-ல் சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரை சித்தூர் ஜில்லா. கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயின அந்தச் சுரங்கங்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் போக, கல்தூசி நுரையீரலில் இறங்கி மெள்ளச் செத்தவர்கள் ஏராளம். 1930-ல் தங்கள் கைரேகையைப் பதிவு செய்யச் சொன்னதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் மூச்சுக்கும் மெட்னரின் சொற்றொடர் வாங்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எழுதினால் மலிவான கவிதையாகிவிடும். கணக்குப்படி சம்பந்தம் இருக்கிறது. அதற்கு மேல் அழகுபடுத்த வேண்டாம்.

ராஜா கலைஞனைப் போஷித்தான், கலை மிஞ்சியது, ராஜா போனான் என்ற பழைய கதை எங்கள் ஊர்ப் பக்கத்திலும் உண்டு. கார்வேட்டிநகர் ஜமீன் ஆதரவில் சாரங்கபாணி தெலுங்கில் வேணுகோபாலன் பேரில் பதங்கள் எழுதினார். ஜமீன் கடனில் மூழ்கியது. பதங்களை இன்றும் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். எந்தக் கிராமத்தின் கிஸ்தி எந்தப் பதமாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் முடியாத தூரத்துக்குப் போய்விட்டது. மெட்னர் அவ்வளவு தூரம் போகவில்லை. தொகை தெரியும், வருஷம் தெரியும், செலாவணி விகிதம் தெரியும். கால தூரம் நமக்குத் தருகிற மன்னிப்பை இன்னும் தரவில்லை. அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்தேன்.

1947-ல் இன்னொன்றும் நடந்தது. சுதந்திரம் வந்த பிறகும் மைசூரில் பொறுப்பாட்சி தரத் தயங்கினார்கள். செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி வெடித்தது. அக்டோபர் கடைசியில் கே.சி. ரெட்டியின் மந்திரிசபை பதவியேற்றது. ராஜா தன் குடிகளைக் கேட்காமல் தன் ரசனைக்குச் செலவழிக்கும் காலம் முடிகிற அதே வருஷத்தில், அவர் பணத்தில் மெட்னர் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குடிகளைக் கேட்டிருந்தால்? மெட்னருக்கு ஒரு ஓட்டும் விழுந்திருக்காது, விழுந்திருக்கவும் கூடாது. பள்ளிக்கூடமும் கிணறும் கேட்பவனிடம் கன்செர்ட்டோவை நீட்டுவது அபத்தம். ராஜா கேட்டிருக்க வேண்டும், ஜனங்கள் மறுத்திருக்க வேண்டும், எனக்கு இந்த இசை கிடைக்காமல் போயிருக்க வேண்டும். இதை எழுதிவிட முடிகிறது. இந்த இசை இல்லாத நிலையை, கேட்டுவிட்ட பிறகு, மனதார ஒப்புக்கொள்ள முடிகிறதா என்பது வேறு. என் நியாயம் ஒரு பக்கமும் என் காது ஒரு பக்கமும் நிற்கின்றன. இரண்டில் ஒன்றை அடக்கிவிட்டவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை.

நாம் அப்படி இல்லை, நம் பத்திரிகைகளுக்கு நம் சம்பளத்திலிருந்தே காகிதம் வாங்குகிறோம், யார் குடியையும் கெடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். என் கவுன்ட்டருக்கு முன்னால் தறிக்காரர் ஒருவர் நூல் வாங்க மனைவியின் சங்கிலியைக் கொண்டுவந்து வைக்கிறார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து எடை போடுகிறார். நான் சீட்டு எழுதுகிறேன். அந்த வட்டியிலிருந்து என் சம்பளம், அதிலிருந்து இந்தப் பத்திரிகையின் சந்தா. எண்கள் சிறிசு, அவ்வளவுதான். மைசூரார் தன் குடிகளைக் கேட்காதது போல நானும் இவரைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் சிரிப்பார், ஏதோ பைத்தியக்காரத்தனம், நடத்திக்கொள்ளுங்கள் சார் என்பார் என்று ஊகிக்கிறேன். அந்த ஊகம் என் சௌகரியத்துக்காகச் செய்தது.

மகாராஜாவுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். மெட்னரின் பியானோ குவின்டெட் 1904-ல் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் முடியாமல் கிடந்தது. அதை முடித்து, 1949-ல் தானே வாசித்துப் பதிவும் செய்தார். 1950-ல் ஷ்வார்ஸ்காஃப் அவர் பாடல்களைப் பாட, அவரே பியானோ வாசித்தார். 1951 நவம்பரில் இறந்துபோனார். தன்னைக் கேட்க ஒருவன் இருக்கிறான் என்ற நிச்சயம் அந்தக் கடைசி வருஷங்களில் அவருக்குக் கிடைத்தது. எழுதுகிற நமக்கு இதன் விலை தெரியும். வேறு எவர் தலையிலும் ஏற்றாமல் அந்த நிச்சயத்தை ஒரு கலைஞனுக்குக் கொடுக்க முடியுமா என்று தேடிப் பார்த்தால், அந்த 500 பேர் வழிதான் தெரிகிறது. அந்த 500 பேர் எவ்வளவு அபூர்வமாகச் சேருவார்கள் என்பதை நாம் ஒவ்வொரு இதழிலும் பார்க்கிறோம்.

தட்டின் உறையில் வாசித்தவர், நடத்தியவர், குழு எல்லாம் இருக்கிறது. சமர்ப்பணத்தில் மகாராஜாவும் இருக்கிறார். அவருக்குச் சுதந்திர இந்தியா வருஷம் 26 லட்சம் மானியம் ஒப்புக்கொண்டது. அது 1971-ல் ரத்தானது. 1974-ல் அவர் காலமானார். கோலார்ச் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் அங்கே குன்று குன்றாக நிற்கிறது. வெயில் காலத்தில் காற்றடித்தால் அந்தத் தூசி வந்து தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் இறங்குகிறது.